பானட்டுக்குள் கிறீச் சத்தமா? பெல்ட்டை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

கார் பானட்டுக்குள் இருந்து கிறீச் என்று சத்தம் வந்தால் பல இடங்களில் முதலில் நடப்பது பெல்ட்டைக் கழற்றிப் புதுசு போடுவதுதான். சத்தம் நிற்கும். கொஞ்ச நாளில் மறுபடி வரும். ஏனென்றால் சத்தம் கேட்கிற இடம் பெல்ட், ஆனால் கோளாறு பெரும்பாலும் அது சுற்றி வரும் ஏதோ ஒரு புல்லியிலோ (பெல்ட் ஓடும் சக்கரம்), அதன் பேரிங்கிலோ, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரிலோ இருக்கும். பெல்ட் ஏன் போனது என்று தெரியாமல் புது பெல்ட் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதனால் சத்தத்தை, அறிகுறியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து உள்ளே போகும்படி இதை எழுதியிருக்கிறேன். பெல்ட் மாற்றும் முறை கடைசியில்தான் வரும்.

நான் சொல்வது சர்பென்டைன் பெல்ட். கடையில் ஃபேன் பெல்ட் என்று கேட்டாலும் தருவார்கள். இன்ஜின் சுழற்றும் க்ராங்க் புல்லியில் இருந்து சக்தி எடுத்து, பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பல வண்டிகளில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தை ஓட விடும் வாட்டர் பம்ப், ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள வண்டி என்றால் அதன் பம்ப், இத்தனையையும் வளைந்து வளைந்து சுற்றி வரும் பட்டை. சில வண்டிகளில் ஏசிக்குத் தனியாக இன்னொரு பெல்ட் இருக்கும். இன்ஜினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் முற்றிலும் வேறு. அது கவருக்குள் மூடியிருக்கும், அதில் கை வைப்பது வேறு வேலை.

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போது பார்க்கிற சோதனைகள் இதில் சில இருக்கின்றன. துப்பட்டா, வேட்டி நுனி, கழுத்துச் சங்கிலி, நீளமான சட்டைக்கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீளமாகக் கிறீச், கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது

இது பெல்ட் வழுக்கும் சத்தம். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியில் இருந்து போன சக்தியைத் திரும்ப ஏற்ற ஆல்டர்னேட்டர் அந்த நேரத்தில் அதிகமாக உழைக்கும், அதைத் திருப்ப பெல்ட்டுக்குப் பிடிமானம் வேண்டும், பிடிமானம் போதவில்லை என்றால் வழுக்கிக் கத்தும். மழைக்காலத்தில், இரவு பனியில் நின்ற வண்டியில் ஒருமுறை கத்திவிட்டு நின்றால் அது ஈரம், கவலை வேண்டாம். வெயில் காலத்திலும் தினமும் கத்துகிறதென்றால் டென்ஷன் குறைந்திருக்கிறது அல்லது பெல்ட் தேய்ந்திருக்கிறது.

உறுதி செய்ய, இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் விட்டு ஹெட்லைட் ஹை பீம், ஏசி, புளோயர் முழு வேகம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். அப்போது கத்தினால் சந்தேகமே இல்லை, வழுக்கல்தான்.

அதைவிட நல்ல சோதனை தண்ணீர். துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டில் போதும். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, எட்ட நின்று, பெல்ட்டில் நீளவாக்கில் வரி வரியாக மேடு உள்ள பக்கம் லேசாகத் தெளியுங்கள். சத்தம் கூடினால் டென்ஷன் போதவில்லை, பெல்ட் வழுக்குகிறது. சத்தம் சட்டென்று நின்று, ஈரம் காய்ந்ததும் திரும்ப வந்தால் அது டென்ஷன் பிரச்சினை இல்லை. ஏதோ ஒரு புல்லி மற்றவற்றோடு நேர்கோட்டில் இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் இந்த ஒரு சோதனை வீண் செலவு நிறைய மிச்சப்படுத்தும்.

கடைகளில் பெல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே விற்கிறார்கள். வாங்காதீர்கள். ஒட்டும் பசையைப் பூசிச் சத்தத்தை அடக்குவதுதான் அது செய்யும் வேலை. அந்தப் பசையில் சாலைத் தூசி ஒட்டிப் புல்லியின் பள்ளங்களில் படிந்து, அப்புறம் புது பெல்ட் போட்டாலும் சத்தம் வரும். சோப்பு தேய்ப்பது, மெழுகுவர்த்தி தேய்ப்பது எல்லாம் இதே ரகம்.

க்விக், க்விக், க்விக் என்று விட்டுவிட்டு, இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து வரும் சத்தம்

குருவி கத்துவது போன்ற இந்தச் சத்தம் வழுக்கல் இல்லை, கோணல். பெல்ட்டின் வரி புல்லியின் பள்ளத்துக்குள் நேராக இறங்காமல் ஓரத்தில் உரசி உள்ளே விழுகிறது. பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறதா, ஏதாவது ஒரு புல்லியைச் சுற்றி மட்டும் கரும்பொடி அதிகமாகப் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பொடி எங்கே அதிகமோ அங்கே இருந்து தேடலைத் தொடங்குங்கள்.

சமீபத்தில் ஆல்டர்னேட்டரோ கம்ப்ரஸரோ கழற்றி மாட்டினார்கள் என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். ஒரு வாஷர் விட்டுப்போயிருந்தாலும், தாங்கும் பிராக்கெட் போல்ட் சரியாக உட்காராமல் இருந்தாலும் புல்லி கொஞ்சம் முன்னே பின்னே போய்விடும்.

பலர் பார்க்காமல் விடுவது க்ராங்க் புல்லி. நிறைய வண்டிகளில் அது ஒரே இரும்புத் துண்டு கிடையாது. நடுவில் ஒரு இரும்பு, வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர், அதிர்வைத் தாங்குவதற்காக. வயதான ரப்பர் விட்டுக்கொடுத்தால் வெளிவளையம் தள்ளாட ஆரம்பிக்கும். இதைப் பிடிக்க எளிய வழி: இன்ஜின் நின்றிருக்கும்போது சாக்பீஸால் நடு இரும்பில் இருந்து ரப்பர் மேல் ஏறி வெளிவளையம் வரை ஒரே நேர்கோடு போடுங்கள். சில நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்து, உள்ளே ஒரு இடத்திலும் வெளியே வேறு இடத்திலும் நின்றால் ரப்பர் வழுக்கிவிட்டது, புல்லியையே மாற்ற வேண்டும். சாக்பீஸ் அழிந்துவிடும் என்று தோன்றினால் வெள்ளை பெயின்ட் போதும். அப்படிப்பட்ட புல்லியில் எத்தனை பெல்ட் போட்டாலும் தின்றுவிடும்.

உர்ர் என்று அரைக்கிற சத்தம்

பேரிங். பெல்ட்டின் பாதையைத் திருப்பிவிட மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லி, டென்ஷனர் புல்லி, ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸரின் க்ளட்ச் புல்லி, இதில் ஏதோ ஒன்று. எது என்று ஓடும்போது காதால் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் எல்லாம் ஒரே உலோகத்தில் மாட்டியிருக்கின்றன, சத்தம் பரவும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை ஒவ்வொரு பாகத்தின் அசையாத உடல்பகுதியில் வைத்துக் கேட்பார்கள். பழக்கம் உள்ளவர்களுக்குச் சரி, பழக்கம் இல்லாமல் ஓடும் பெல்ட் பக்கத்தில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை.

பாதுகாப்பான வழி, குளிர்ந்த இன்ஜினில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு சில விநாடிகள் மட்டும் ஓட விடுவது. பேட்டரி லைட் எரியும், அது எதிர்பார்த்ததுதான். வாட்டர் பம்ப் இந்த பெல்ட்டில் ஓடும் வண்டி என்றால் கூலண்ட் ஓட்டம் நின்றிருக்கும், அதனால் சத்தத்தைக் கேட்டதும் அணைத்துவிடுங்கள். சத்தம் போய்விட்டதா? குற்றவாளி பெல்ட் ஓட்டும் பாகங்களில் ஒன்று. அப்படியே இருக்கிறதா? பிரச்சினை இன்ஜினுக்குள், பெல்ட்டையும் புல்லியையும் விட்டுவிட்டு டைமிங் செயின் அல்லது டைமிங் பெல்ட் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

பெல்ட் கையில் இருக்கும் அந்த நேரம்தான் மொத்த வேலையிலும் மதிப்பான நேரம். ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றுங்கள், அவசரமே வேண்டாம். நல்ல ஐட்லர் புல்லி சத்தமில்லாமல், கிரீஸின் லேசான இறுக்கத்தோடு கொஞ்சம் சுற்றி நிற்கும். பேரிங்கில் கிரீஸ் வற்றிப்போனது தட்டிவிட்டால் சைக்கிள் சக்கரம் மாதிரி சரசரவென்று சுற்றிக்கொண்டே இருக்கும்; நன்றாகச் சுற்றுகிறது என்று நினைத்து அதை விட்டுவிடுவார்கள், அதுதான் சாகப் போகிற பேரிங். விரலில் மணல் அரைபடுவது போலத் தெரிந்தால் அது ஏற்கெனவே போய்விட்டது. அப்புறம் புல்லியின் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கவே கூடாது. வாட்டர் பம்ப் புல்லியில் ஆட்டமும், அதன் அடியில் கூலண்ட் வழிந்து காய்ந்த பச்சை அல்லது ரோஸ் நிறக் கறையும் சேர்ந்து இருந்தால் பம்ப் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

டென்ஷனர் கை துடிக்கிறது, இன்ஜினை அணைக்கும்போது டப் என்று ஒரு அடி

ஐட்லிங்கில் டென்ஷனரைப் பாருங்கள். லேசான அசைவு இயல்பு. கண்ணுக்குத் தெரிய மேலும் கீழும் துள்ளினால் இரண்டு காரணங்களில் ஒன்று: டென்ஷனரின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் அதிர்வு தாங்கும் பாகமும் தளர்ந்துவிட்டன, அல்லது ஆல்டர்னேட்டர் புல்லி பூட்டிக்கொண்டது.

இந்த இரண்டாவது காரணம் டீசல் வண்டிகளில் அடிக்கடி வரும். பல டீசல்களில் ஆல்டர்னேட்டர் புல்லி சாதாரணப் புல்லி கிடையாது, ஒரு திசையில் மட்டும் பிடித்து மறு திசையில் விட்டுவிடும் வகை. டீசல் இன்ஜின் ஒவ்வொரு எரிப்புக்கும் ஒரு உதை கொடுக்கும். அந்த உதையில் கனமான ஆல்டர்னேட்டர் ரோட்டர் பெல்ட்டை இழுத்து ஆட்டாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பெல்ட் கழற்றியிருக்கும்போது ஆல்டர்னேட்டரின் உள்ளே இருக்கும் விசிறியை இடுக்கு வழியாக ஒரு ஸ்க்ரூடிரைவரால் மெல்லப் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்புங்கள். ஒரு பக்கம் இறுக்கமாகவோ ஸ்பிரிங் போல மிருதுவாகவோ பிடிக்க வேண்டும், மறு பக்கம் சுதந்திரமாகப் போக வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்தால் பூட்டிவிட்டது. பெல்ட்டும் டென்ஷனரும் அந்த உதையை வாங்கி வாங்கிச் சாகின்றன. இரண்டு பக்கமும் விட்டால் புல்லி சுற்றும், ஆல்டர்னேட்டர் சுற்றாது, பேட்டரி ஏறாது. பல வண்டிகளுக்கு இந்தப் புல்லி மட்டும் தனியாகக் கிடைக்கும், கழற்ற அதற்கான சாக்கெட் வேண்டும். ஆல்டர்னேட்டரே போய்விட்டது என்று யாராவது சொன்னால் புல்லியைச் சோதித்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

டேஷ்போர்டில் பேட்டரி லைட்

ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானி முள். பேட்டரி லைட்டோடு சூடும் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது, வாட்டர் பம்ப்பும் அதில்தான் ஓடியது. ஓரமாக நிறுத்தி உடனே அணைத்துவிடுங்கள். "பக்கத்தில்தானே வீடு" என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் செலவு காத்திருக்கிறது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்களில் வாட்டர் பம்ப் இந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது. டைமிங் பெல்ட் வைத்த சில இன்ஜின்களில் பம்ப்பை டைமிங் பெல்ட்டே ஓட்டும், அதனால் வெளி பெல்ட் அறுந்தாலும் உடனே சூடேறாது. உங்கள் வண்டியில் எது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொண்டால் நெடுஞ்சாலையில் நடுராத்திரியில் குழம்ப வேண்டியதில்லை.

பெல்ட் இடத்தில் இருக்கிறது, லைட்டும் எரிகிறது என்றால் மல்டிமீட்டர் எடுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி சுமார் 12.5 வோல்ட் காட்டும், ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டர் சார்ஜிங்கைக் குறைத்தும் கூட்டியும் விடும், அதனால் ஹெட்லைட் போட்டு அளந்து பாருங்கள். ஓடும்போதும் 12.5-க்குக் கீழேயே நின்றால் பெல்ட், புல்லி, ஆல்டர்னேட்டர் என்ற வரிசையில் தேடுங்கள்.

ஸ்டியரிங் கனம், ஏசி குளிரவில்லை

ஸ்டியரிங் கனத்தைப் பெல்ட்டோடு சேர்த்துப் பார்ப்பது ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் மட்டும். எலக்ட்ரிக் ஸ்டியரிங் வண்டியில் பம்ப்பே கிடையாது. வோல்டேஜ் குறைந்து கனமானால் ஒழிய பெல்ட்டுக்குச் சம்பந்தமில்லை. ஹைட்ராலிக் வண்டியில் முழுக்கத் திருப்பும்போது மட்டும் கத்தினால் பெல்ட் டென்ஷனையும் ஸ்டியரிங் ஆயிலையும் பாருங்கள்.

ஏசி பட்டனைத் தட்டியதும் கத்தி, ரப்பர் கருகும் வாசனை வந்தால் கம்ப்ரஸர் இறுகியிருக்கலாம். ஏசியை அணைத்ததும் சத்தம் நின்றால் அணைத்தே வைத்து வீடு சேருங்கள்.

பெல்ட் அடிக்கடி அறுகிறது, நழுவி விழுகிறது

மேலே சொன்ன க்ராங்க் புல்லி, பேரிங் ஆட்டம் இரண்டையும் தாண்டி இன்னும் சில இருக்கின்றன. ஆயில் கசிந்து பெல்ட்டில் விழுந்தால் ரப்பர் உப்பிப் பலமிழக்கும். கசிவை அடைக்காமல் புது பெல்ட் போடுவது பணத்தைச் சாக்கடையில் போடுவது. இன்ஜின் அடி கவரும் டயர் பக்கத்து பிளாஸ்டிக் தடுப்பும் ஸ்பீட் பிரேக்கரில் இடித்துப் பிய்ந்து போயிருக்கும், மெக்கானிக் கழற்றி ஓரமாகப் போட்டிருப்பார், நாமும் அது வெறும் பிளாஸ்டிக் என்று விட்டுவிடுவோம். சென்னை மழையில் தேங்கிய தண்ணீரும், அதில் கலந்த மணலும் ஜல்லியும் நேராக பெல்ட்டுக்குப் போவது அந்த ஓட்டை வழியாகத்தான். தடுப்பு இல்லாத வண்டியில் பெல்ட்டுக்கு முன்பு அந்தத் தடுப்பை வாங்கி மாட்டுங்கள்.

ரெனோ டஸ்டர், நிஸான் டெர்ரானோ, சன்னி டீசல் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படிக்க வேண்டும். அவற்றில் இருப்பது ரெனோவின் 1.5 லிட்டர் கே9கே இன்ஜின், டைமிங் பெல்ட் வகை. இந்த இன்ஜினில் வெளி பெல்ட் பிரிந்து அறும்போது அதன் நூல்கள் க்ராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு டைமிங் கவருக்குள் இழுபட்டுப் போகக்கூடும். அதனால் டைமிங் பெல்ட் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி வால்வு வளையக்கூடும். ஓரத்தில் நூல் பிரிந்த பெல்ட்டோடு இந்த வண்டியை ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். அறுந்துவிட்டால் டைமிங் கவரைத் திறந்து உள்ளே நூல் இல்லை என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பெல்ட் நல்லதா என்று பார்ப்பது

பழைய நியோப்ரீன் பெல்ட்கள் வயதானால் வெடிப்பு விடும், பார்த்ததும் தெரியும். இப்போது வருபவை பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். இவை எளிதில் வெடிக்காது, டயர் மாதிரி மெல்லத் தேயும். வெடிப்பே இல்லை, பெல்ட் நன்றாக இருக்கிறது என்ற முடிவு அதனால் ஏமாற்றும். தேய்ந்த பெல்ட்டில் வரிகளுக்கு இடையே உள்ள பள்ளம் அகலமாகி, வரி மெலிந்திருக்கும். பெல்ட் புல்லிக்குள் ஆழமாக அமிழ்ந்து அடி தட்டும், பிடிமானம் போகும். புதுசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அறையும். வரி ஒரு துண்டு பெயர்ந்திருந்தாலோ, பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தாலோ யோசிக்காமல் மாற்றுங்கள்.

மாற்றுவது

வாங்கும்போது பழைய பெல்ட்டின் முதுகில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 6பிகே1200 என்றால் 6 வரி, பிகே என்பது வரியின் அளவு வகை, நீளம் 1200 மில்லிமீட்டர். ஒவ்வொரு வரிக்கும் 3.56 மி.மீ. என்பதால் 6 வரி பெல்ட் சுமார் 21 மி.மீ. அகலம் இருக்கும். எண் அழிந்திருந்தால் வண்டியின் மாடல், வருடம், இன்ஜின் சொல்லி வாங்குங்கள். ஒரே மாடலில் ஏசி உள்ளது, இல்லாதது என்று நீளம் மாறும். கேட்ஸ், பாண்டோ, கான்டிடெக், மதுரை ஃபென்னர் என்று தெரிந்த பெயரில், நம்பிக்கையான கடையில் வாங்குங்கள், போலி டப்பா நிறைய வருகிறது. சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் பழைய ஆல்டர்னேட்டர் வாங்கலாம், பழைய டென்ஷனர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துவிடுங்கள், பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் சாவியைத் தள்ளி வையுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். முன்சக்கர டிரைவ் கார்கள் பலவற்றில் பெல்ட் வலப்பக்க முன்சக்கரத்தை ஒட்டி இருக்கும். சக்கரத்தையும் உள் தடுப்பையும் எடுத்தால் வேலை பாதியாகக் குறையும். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள்.

பெல்ட் ஓடும் பாதையை போனில் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுங்கள், ஒரு தாளில் வரைந்தும் வையுங்கள். போட்டோவில் அடியில் இருக்கும் புல்லி தெரியாமல் போகும், வரைந்த படம் அப்போது கைகொடுக்கும்.

தானியங்கி டென்ஷனரில் ஒரு அறுகோண முனையோ சதுரத் துளையோ இருக்கும். நீளமான ஸ்பேனர் மாட்டி, ஸ்பிரிங்கை எதிர்த்துத் தளர்த்தும் திசையில் மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, எட்டுகிற புல்லியில் இருந்து பெல்ட்டை நழுவ விடுங்கள். சிலவற்றில் ஒரு ஆலன் கீயைச் செருகிப் பூட்டி வைக்கத் துளை இருக்கும். ஸ்பேனரைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். விரல் போகும், டென்ஷனரும் அடிபடும்.

டென்ஷனரே இல்லாத பழைய வகையில் ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்துவார்கள். மூன்றாவது ஒரு வகை உண்டு, டென்ஷனரும் இல்லை, நகர்த்தும் போல்ட்டும் இல்லை. பெல்ட்டே கொஞ்சம் இழுபடும் தன்மை உள்ளது. அதை வெட்டித்தான் எடுப்பார்கள், புதுசை அதற்கான கருவியை வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூல் அறுந்து சீக்கிரமே போய்விடும்.

கழற்றிய பெல்ட்டையும் புதுசையும் சேர்த்து நீட்டிப் பாருங்கள். புதுசு ஒரு சில மில்லிமீட்டர் குட்டையாகத் தெரியலாம், வரி எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாப் புல்லியையும் சுழற்றிப் பாருங்கள், பள்ளத்தில் ஒட்டிய பழைய ரப்பரையும் பசையையும் பிரஷ்ஷால் எடுத்துப் பிரேக் கிளீனரால் துடையுங்கள்.

மாட்டும்போது வரி உள்ள பக்கம் வரி உள்ள புல்லியில், முதுகு வழுவழுப்பான புல்லியில். விளிம்பு இல்லாத வழுவழுப்பான புல்லியைக் கடைசியாக வைத்துக்கொண்டால் ஏற்றுவது எளிது. டென்ஷனரை விட்டபிறகு, இதைத் தவறாமல் செய்யுங்கள், ஒவ்வொரு புல்லியின் இரண்டு ஓரத்திலும் விரலை வைத்துத் தடவி பெல்ட் எல்லாப் பள்ளத்திலும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வரி வெளியே தொங்குவது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் அந்த ஒரு வரி கிழிந்து வந்துவிடும். க்ராங்க் போல்ட்டில் சாக்கெட் மாட்டி, இன்ஜின் சுழலும் திசையில் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி மறுபடி தடவிப் பாருங்கள்.

ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு, லைட், ஏசி எல்லாம் போட்டுக் கேளுங்கள். போல்ட்டால் இறுக்கும் வகை என்றால் கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் இறுக்க வேண்டாம், சத்தம் வரக்கூடாது என்று இழுத்துக் கட்டினால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங் போகும். புது பெல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும் என்பதால் இந்த வகையில் ஒருமுறை திரும்ப டென்ஷன் பார்க்க வேண்டும். பழைய பெல்ட் தேறும் நிலையில் இருந்தால் டிக்கியில் போட்டு வையுங்கள், கூடவே அதைக் கழற்றிய ஸ்பேனரையும்.